அடுப்பங்கரைக்குக் கேட்ட பாட்டு

"ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் கேட்கும். "இல்லை, பாட்டுதான் போயிட்டிருக்கு" என்று கூடத்திலிருந்து யாராவது பதில் சொல்வார்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஏறக்குறைய நாற்பது வருஷ காலமாகப் பொழுது சாய்ந்த பிறகு நாள் தவறாமல் நடந்துவந்த இந்தச் சம்பாஷணையை எழுதி வைக்கத்தக்க விஷயம் என்று எவரும் கருதியதாகத் தெரியவில்லை. ஆனால் தொலைக்காட்சித் தொடர்களின் தொடக்கத்தில் வரும் பாட்டைப் பற்றி (ஜனங்கள் அதை டைட்டில் பாட்டு என்றே சொல்கிறார்கள்; நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்) எழுத வேண்டுமென்று உட்கார்ந்தபோது, பாட்டின் மெட்டோ பாடியவரின் பெயரோ நினைவுக்கு வருவதற்கு முன்னால், இந்த இரண்டு வாக்கியங்கள்தாம் என் காதில் வந்து விழுந்தன.

சற்று யோசித்துப் பார்த்தால் விசித்திரமான ஓர் உண்மை புலப்படும். பெட்டியின் எதிரே முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டவனுக்கு டைட்டில் பாட்டினால் யாதொரு பிரயோஜனமும் கிடையாது. நேற்று விட்ட இடத்தில் கதாநாயகிக்கு என்ன ஆயிற்று என்று அறியத் துடித்துக்கொண்டிருக்கும் அவனுக்கு அது ஓர் இடைஞ்சலே தவிர வேறில்லை. அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு அதன் பக்கத்தில் காவல் நிற்பவளுக்கும், கொல்லைப்புறத்தில் கால் அலம்பிக்கொண்டிருப்பவருக்கும், தெருமுனையில் பேச்சில் லயித்துப்போன பெரியவருக்கும், அதாவது அந்தச் சமயத்தில் பெட்டியின் முன் இல்லாத அத்தனை பேருக்கும் உத்தேசிக்கப்பட்டது அந்தப் பாட்டு. சந்நிதியில் நிற்பவனுக்குக் கோவில் மணி எதற்கு? நான்கு தெரு தாண்டி இருப்பவனை அழைப்பதற்கல்லவா அதைக் கட்டித் தொங்கவிட்டார்கள்? டைட்டில் பாட்டு என்பது அடுத்த அறையிலிருந்து கேட்பதற்காகவே பிறந்த சங்கீதம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

நான் வளர்ந்தது காஞ்சிபுரத்தில், பட்டுத் தறிகள் நிறைந்த ஒரு தெருவில். என் தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர்; எங்கள் வீட்டில் தறி கிடையாது. ஆனால் இரு பக்கத்து வீடுகளிலும் எதிர் வீட்டிலும் தறிக்குழிகள் இருந்தபடியால், நாடா பாயும் ஓசையும் பலகை அடிக்கும் ஓசையும் விடியற்காலை தொடங்கி விளக்கு வைத்த பிறகும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த ஓசை நிற்கும்போதுதான் அது இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே எங்களுக்குத் தெரியும். 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டபோதிலும், 70 கிலோமீட்டர் தாண்டி எங்கள் தெருவுக்கு அது வந்துசேர எண்பதுகள் ஆயிற்று. எதிர் வீட்டில்தான் முதலில் வாங்கினார்கள். இரு பக்கமும் மடக்கிச் சாத்தும் மரக் கதவு வைத்த சாலிடேர் பெட்டி. அதற்கென்று மொட்டை மாடியில் தென்னை உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய், அதன் உச்சியில் ஆன்டெனா. காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். ஒரு பையன் மாடியில் நின்று குழாயைத் திருப்ப, இன்னொருவன் வாசலில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்துவான். படம் தெளிவதற்கு முன்பே பாட்டுத் தெளிந்துவிடும் என்பது அந்த நாளைய பெட்டிகளின் விசேஷம். திரையெல்லாம் பனி பெய்துகொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஷெனாய் ஸ்பஷ்டமாக ஒலிக்கும்.

அந்த ஷெனாய்தான் எல்லாவற்றுக்கும் முந்தியது. 1976 ஏப்ரல் முதல் தேதி வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் தனி நிறுவனமான காலத்தில், அதன் சின்னத்துக்கென்று பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன்கானும் சேர்ந்து அமைத்த இசை அது. இரண்டு வளைவுகள் சுழன்று சுழன்று ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு, நடுவே ஒரு கண்மணியை ஏந்தி நிற்கும்வரை, அந்த ஊது குழல் எதையோ இழந்துவிட்ட குரலில் அழுவதுபோல் இழைந்துகொண்டே போகும். என் பாட்டிக்கு அது பிடிக்காது. "நாகஸ்வரம் மாதிரியும் இருக்கு, கல்யாணத்துக்கு வாசிக்கிற மாதிரியும் இல்லையே" என்பாள். வானொலியின் தொடக்க இசையிலேயே ஊறிப்போன காது அவளுடையது. ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வந்து குடியேறிய வால்டர் காஃப்மன் என்ற யூதர் 1930-களில் அமைத்த அந்தத் தம்புரா நாதத்தில்தான் எங்கள் வீட்டு விடியற்காலைகள் பிறந்துகொண்டிருந்தன. காலையை ஓர் அகதி தொடக்கி வைக்க, மாலையை ஷெனாய் தொடக்கி வைத்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது அதெல்லாம் யாருக்குத் தெரியும்?

1987 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' ஆரம்பமாயிற்று. அடுத்த வருஷம் ஜூலை மாதக் கடைசிவரை 78 பகுதிகள் ஓடிற்று. அந்தக் காலத்தில் நாடெங்கும் தெருக்கள் வெறிச்சோடிப் போயின என்பதைப் பலரும் எழுதியாகிவிட்டது. நான் எழுத விரும்புவது அதற்கு முந்திய ஒரு நிமிஷத்தைப் பற்றி. எதிர் வீட்டுக் கூடத்தில் டைட்டில் பாட்டின் முதல் வரி எழும். அடுத்த கணம் பக்கத்து வீட்டுத் தறி நிற்கும். அதற்கு அடுத்த வீட்டில் கரைப் பக்கம் நாடா எறிகிற பையன் எழுந்து ஓடிவிட்டதால் கோர்வை போட முடியாமல் அந்தத் தறியும் நிற்கும். பிறகு தெருவின் கடைசிவரை ஒவ்வொன்றாக, விளக்கை ஊதி அணைத்துக்கொண்டே போவதுபோல், ஓசைகள் அவிந்துகொண்டு போகும். அப்படி உண்டான நிசப்தத்தின் மேல்தான் அந்தப் பாட்டு எங்களுக்குக் கேட்டது. ராமாயணத்துக்குச் சங்கீதம் அமைத்த ரவீந்திர ஜெயின் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கோடிக்கணக்கான கண்கள் ஒரே திரையை வெறித்துக்கொண்டிருந்த காட்சிக்கு இசை தந்தவர் அதில் ஒரு சட்டத்தைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. அவருக்கு அது முழுக்க முழுக்கக் காதின் விவகாரம். பின்னாளில் இதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியத்தைக் காட்டிலும் ஒருவித நியாயமே அதில் தென்பட்டது.

பாட்டு இந்தியில் இருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1965-ஆம் வருஷத்து இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் கல்லூரி மாணவராகக் கலந்துகொண்டு, ரயில் நிலையப் பலகையில் தார் பூசியதைப் பேரன் பேத்திகளுக்கெல்லாம் பெருமையோடு சொல்லிவந்த மாமா ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். "என்ன மாமா, இந்தியா?" என்று கேட்டால், "மெட்டுக்கு ஏதுடா பாஷை? வார்த்தை ஒண்ணும் என் வாயிலே வரலையே, கவனிச்சியா?" என்று பதில் சொல்வார். வாஸ்தவந்தான், வார்த்தைகள் வருகிற இடங்களில் அவர் தமக்குத் தோன்றிய ஏதோ சப்தங்களைப் போட்டு நிரப்பிக்கொள்வார். தெருக் குழந்தைகள் அனைவரும் அதைத்தான் செய்தார்கள். ராமநாதபுரக் கடற்கரையோரத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்த என் சித்தியின் பிள்ளைகளோ, 1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினி அலைகள் கடல் தாண்டி வந்து அங்கே தெளிவாக விழுந்ததனால், சிங்களப் பாட்டுகளை இதே முறையில் பாடிக்கொண்டு கோடை விடுமுறைக்கு வந்து சேர்வார்கள். அர்த்தம் தெரியாத இரண்டு பாஷைகளில் எங்கள் திண்ணையில் நடந்த அந்தக் கச்சேரிகளுக்கு நிகராக வேறொன்றை நான் கேட்டதில்லை.

ராமாயணம் முடிந்து இரண்டு மாதங்களில், 1988 அக்டோபர் 2-ஆம் தேதி, பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' வந்தது. ராஜ்கமலின் இசை, மகேந்திர கபூரின் குரல். சங்க நாதத்தோடு எழும்பும் அந்தப் பாட்டு ராமாயணத்தின் பாட்டைப்போல் வீட்டுக்குள் வந்து உட்காராது. படை திரண்டு வருவதுபோல் தெருவில் இறங்கிவிடும். நடுவே கீதையின் சுலோகம் வரும்போது மட்டும், இந்தியில் ஓர் அட்சரமும் அறியாத என் பாட்டி, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி, இருந்த இடத்திலிருந்தே கும்பிடுவாள். அது முடிந்ததும், நீலப் பெருவெளியில் சக்கரம் சுழல, 'காலம்' பேசத் தொடங்கும். ஹரீஷ் பிமானி என்பவரின் குரல், உருவம் கிடையாது. தொடரில் வந்த மாவீரர்களின் முகங்களெல்லாம் இப்போது எனக்கு ஒன்றோடொன்று குழம்புகின்றன. அந்த உருவமற்ற குரல் மட்டும் குழம்பவில்லை.

இவ்விரண்டு பேரிகைகளின் காலத்தை ஒட்டி, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வந்து போனது 'மால்குடி டேஸ்'. ஆர். கே. நாராயணின் கதைகளைக் கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக், மைசூருக்கு வடமேற்கே மலைநாட்டில் உள்ள ஆகும்பே கிராமத்தில் படமாக்கினார், தொடக்கத்தில் ஆர். கே. லட்சுமணின் கோட்டுச் சித்திரங்கள் வரும். அதற்குச் சங்கீதம் அமைத்த எல். வைத்தியநாதன், பிடில் வித்துவான் வி. லட்சுமிநாராயணாவின் மூத்த குமாரர். இளைய சகோதரர்கள் எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் உலகம் சுற்றிய வித்துவான்கள். யாழ்ப்பாணத்தில் பால்யத்தைக் கழித்த குடும்பம் அது. 'ஏழாவது மனிதன்' படத்தில் பாரதி பாடல்களுக்கு வைத்தியநாதன் அமைத்த இசையை அறிந்தவர்கள், சொல்லை எவ்வளவு மரியாதையோடு கையாளத் தெரிந்தவர் அவர் என்பதை ஒப்புக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவர் மால்குடிக்கு வந்தபோது சொல்லையே வேண்டாமென்று விட்டுவிட்டார். அர்த்தமற்ற சில அசைகளை, கிணற்றடியில் ஒரு பையன் தனக்குத் தானே பாடிக்கொள்வதுபோல், ஒரு குரல் உருட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான் பாட்டு. எங்கள் மாமாவும், தெருக் குழந்தைகளும், கடற்கரைச் சித்தியின் பிள்ளைகளும் பாஷை தெரியாத பாட்டுகளை எப்படிப் பாடினார்களோ அதையே அந்த மேதை முறைப்படி இசையாக்கி வைத்திருந்தார். இந்தத் தேசத்தில் தொலைக்காட்சிக்கென்று உண்டான மெட்டுகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று எவராவது நிர்ப்பந்தித்தால், நான் யோசிக்காமல் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். சில வருஷங்களுக்குப் பிறகு 'சுரபி' நிகழ்ச்சிக்குத் தம்பி சுப்பிரமணியம் அமைத்த முகப்பிசையும் நல்லதுதான். ஆயினும் அண்ணனுடையதை மாடு மேய்க்கிற பையனும் பாடலாம், தம்பியினுடையதைப் பாட முடியாது.

பாடக்கூடியதாயிருக்க வேண்டும் என்பதோடு இந்தச் சங்கீதத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்நாளைய பெட்டிக்குள் இருந்த ஒலிபெருக்கி உள்ளங்கை அகலந்தான். கீழ்ஸ்தாயியில் வரும் கம்பீரமான நாதங்கள் அதில் கரகரத்துச் செத்துப்போகும். மேல்ஸ்தாயிதான் பிழைத்து வெளியே வரும். பிறகு அது கூடத்தைக் கடந்து, ரேழியைக் கடந்து, குக்கர் விசிலையும் குழாய்த் தண்ணீரின் இரைச்சலையும் தாண்டி அடுப்பங்கரையை அடைய வேண்டும். குழலும் ஷெனாயும் வீணையும் பெண் குரலும் டைட்டில் பாட்டுகளில் கொலுவீற்றிருந்ததற்கு ரசனை ஒரு காரணமென்றால், இந்தப் பிரயாணமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதோடு கால அவகாசமும் குறைவு. சினிமாப் பாட்டுக்கு நாலைந்து நிமிஷம் உண்டு. பல்லவியில் தவறவிட்டதைச் சரணத்தில் பிடித்துக்கொள்ளலாம். டைட்டில் பாட்டோ ஒன்றரை நிமிஷத்துக்குள், சில சமயம் அதற்கும் குறைவாக, ஊரைக் கூட்டி உட்கார வைத்துவிட வேண்டும்.

கே. பாலசந்தர் தூர்தர்ஷனுக்காக எடுத்த 'ரயில் சிநேகம்' தொடரின் பாட்டு இதற்கெல்லாம் உத்தமமான உதாரணம். இளையராஜாவின் வாத்தியக் குழுவில் பிடில் வாசித்தவரும், 'அச்சமில்லை அச்சமில்லை' படத்துக்கு இசையமைத்தவருமான வி. எஸ். நரசிம்மன் அமைத்த மெட்டு, பாடியவர் சித்ரா. தொடரின் கதை என்னவென்று இப்போது என் வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் விழிப்பார்கள். பாட்டை எடுத்துக்கொடுங்கள், எட்டுப் பேரும் முடித்து வைப்பார்கள். கதை பெட்டிக்குள் இருந்தவர்களைப் பற்றியது, பாட்டோ கேட்டுக்கொண்டிருந்த வீட்டின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆகையால் அந்த மெட்டு எழும்பினால், பரீட்சைக்குப் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டு புஸ்தகத்தை விரித்து வைத்திருந்த என் தமக்கையும், அவள் பின்னலில் வாடிய கனகாம்பரமும், வாசல் விளக்கைச் சுற்றும் ஈசலும் வந்து நிற்கின்றனவே தவிர, ரயிலும் வருவதில்லை, சிநேகமும் வருவதில்லை.

பாலசந்தரின் நிறுவனத்திலிருந்தே வந்து, நாகாவின் இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்தில் குழந்தைகளைக் குலைநடுங்கச் செய்த 'மர்மதேசம்' வேறு ரகம். வீணை வித்துவான் ராஜேஷ் வைத்யாவின் இசை. அதில் 'விடாது கருப்பு' என்ற கதை தொடங்கும் நாட்களில் என் தம்பி மகன் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, "பாட்டு முடிஞ்சதும் சொல்லுங்க" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பான். குதிரையைவிட, அரிவாளைவிட, அந்தப் பாட்டுக்குத்தான் அவன் பயந்தான். கதைக்குத் தலையை நீட்டிவிடுவான்.

1993-ஆம் வருஷத் தமிழ்ப் புத்தாண்டு தினத்தன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது; சில வருஷங்களுக்குள் எங்கள் தெருவின் குறுக்கே, தறிக்குப் பாவு விரித்ததுபோல் கறுப்புக் கம்பிகள் வீட்டுக்கு வீடு ஓடின. 1999 டிசம்பரில் ராதிகாவின் 'சித்தி' வந்தது. வைரமுத்துவின் சாகித்தியம், தினாவின் இசை, நித்யஸ்ரீ மகாதேவனின் குரல். என் பாட்டிக்கு அப்போது எண்பது வயது. தொலைக்காட்சித் தொடர்களில் அவளுக்குக் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. "ஒருத்தி அழறா, ஒருத்தி அழ வைக்கறா, இதுக்கு ஒரு பெட்டியா?" என்பது அவளுடைய விமரிசனம். ஆனால் பாடுகிறவள் யாரென்று தெரிந்த மறுநாளிலிருந்து அவளுடைய நடத்தையில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. நித்யஸ்ரீ, டி. கே. பட்டம்மாளின் பேத்தி, பட்டம்மாளோ எங்கள் ஊரில் பிறந்தவர், அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் முதல் எழுத்தே பக்கத்திலுள்ள தாமல் கிராமந்தான். சபையேறி ஸ்திரீகள் பாடுவதே தகாது என்றிருந்த காலத்தில், பல்லவி பாடிக் காட்டிய அந்த மகாவித்துவாம்சினியைத் தன் சொந்த அத்தைபோல் பாவித்து வந்தவள் பாட்டி. ஆகவே தினந்தோறும் அந்த வேளை வந்ததும் சமையலறை நிலைப்படிவரை வருவாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணை மூடிப் பாட்டை முழுவதும் கேட்பாள். கடைசி ஸ்வரம் அடங்கியதும், "உச்சரிப்பு அப்படியே பாட்டி மாதிரி" என்று சொல்லிவிட்டு, ராதிகாவின் முகம் திரையில் தோன்றுவதற்குள் திரும்பிப் போய்விடுவாள். இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடிய அந்தத் தொடரில் ஒரு காட்சியையும் அவள் பார்த்ததில்லை.

2002-இல் திருமுருகனின் 'மெட்டி ஒலி' தொடங்கிற்று. மறுபடியும் தினா, மறுபடியும் நித்யஸ்ரீ. இந்த முறை பாட்டைப் பார்ப்பதற்கும் ஒரு காரணம் இருந்தது. அதில் ஆடிய நடன ஆசிரியை சாந்தி, கதையில் வந்த நடிகைகளுக்கு நிகராகப் புகழ் பெற்று, 'மெட்டி ஒலி சாந்தி' என்றே நாடெங்கும் அழைக்கப்படலானார். கல்யாணச் சடங்குகளின் பெயர்களை அடுக்கிக்கொண்டு போகும் அந்தப் பாட்டு, ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதைக்குப் பொருத்தமாயிருந்ததோடு, அந்தச் சடங்குகள் நடக்கும் மண்டபங்களிலேயே பின்னாளில் ஒலிக்கலாயிற்று. தொடரோ 800 பகுதிகளுக்கு மேல் ஓடிற்று. அதன்பின் வந்த 'கோலங்கள்' 1,500-ஐயும் தாண்டிற்று. தியாகராஜருடைய கிருதியானாலும் சரி, தனக்கு மிகவும் இஷ்டமான சினிமாப் பாட்டானாலும் சரி, ஒருவன் ஆறு வருஷ காலத்துக்குள் ஒன்றையே ஆயிரத்து ஐந்நூறு தடவை கேட்பானா? டைட்டில் பாட்டை மட்டும் கேட்டோம். விரும்பித்தான் கேட்டோமா என்று யாரும் எங்களை விசாரிக்கவில்லை.

எல்லாம் நல்ல பாட்டுகள் என்று சாதிக்க நான் வரவில்லை. பெண்ணென்று பிறந்தவள் மெழுகாய் உருகவும் விளக்காய் எரியவும் கடமைப்பட்டவள் என்பதை வெவ்வேறு ராகங்களில் உபதேசித்த பாட்டுகள் அந்தப் பத்திருபது வருஷத்தில் எத்தனையோ. அவற்றையும் அடுப்பங்கரையில் நின்றுகொண்டுதான் கேட்டார்கள் என்பதை நினைத்தால் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. இப்போதோ அந்த உபதேசத்துக்கும் நேரமில்லை; பல தொடர்களில் பாட்டுச் சில விநாடிகளாகக் குறுகி, பெயர் மட்டும் மின்னி மறைகிறது. ஒரு வீட்டில் கேபிள், ஒரு வீட்டில் டிஷ், ஒரு வீட்டில் கைப்பேசி. ஒவ்வொன்றும் சில விநாடிகள் முன்பின்னாக வருவதால், தெருவில் நடந்தால் ஒரே பாட்டு வாசலுக்கு வாசல் பின்தங்கி, தாளம் தவறிய கோஷ்டி கானம்போல் கேட்கிறது. முன்பு ஒரே கணத்தில் ஒலித்தது என்பதே, ஒலிக்காதபோதுதான் தெரிகிறது.

2020 மார்ச் 28-ஆம் தேதி, ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, தூர்தர்ஷனில் ராமாயணத்தை மறுபடி ஒளிபரப்பத் தொடங்கினார்கள். காஞ்சிபுரத்து வீட்டில் அம்மாவோடு இருந்தேன். பாட்டி காலமாகி வெகு வருஷங்கள் ஆகியிருந்தன. பாட்டு எழுந்தது, ஒரு ஸ்வரம் மாறாமல் அதே பாட்டு. எனினும் ஏதோ குறைந்தது. வெகு நேரம் யோசித்த பிறகுதான் புரிந்தது: அந்தப் பாட்டைக் கேட்டு நிற்பதற்குத் தெருவில் தறி ஓசை இல்லை. ஊரடங்குக்கு முன்பே எங்கள் தெருவில் தறிகள் குறைந்துபோய், குழிகளைத் தூர்த்து மொசைக் போட்டுவிட்டார்கள்.

சென்ற மாதம் என் மகன், கைப்பேசியைப் பெட்டியோடு இணைத்து, தன் பாட்டிக்கென்று 'மெட்டி ஒலி'யைத் தேடிப் போட்டான். போட்டவன் இந்தக் காலத்துப் பிள்ளை. பாட்டைத் தள்ளிவிட்டு நேரே கதைக்குப் போய்விட்டான். உள்ளே அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, பாட்டு வரலையா?" என்று கேட்டாள்.

"தள்ளிட்டேன் பாட்டி. கதை ஆரம்பிச்சாச்சு, வாங்க."

சிறிது நேரம் உள்ளேயிருந்து சப்தமே இல்லை. பிறகு, "திரும்பப் போடு" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான், நான் தலையசைத்தேன். விரலால் திரையைப் பின்னோக்கி இழுத்தான். பாட்டு முதலிலிருந்து தொடங்கிற்று.

"பாட்டி, போட்டாச்சு, வாங்க" என்று கூப்பிட்டான்.

"கேக்குது, கேக்குது" என்று அடுப்பங்கரையிலிருந்து பதில் வந்தது.